அப்பா படத்துக்குப் போட்ட மாலை

ஆரணி
24.9.2025

சிரஞ்சீவி கமலக்கண்ணனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். 'இங்கு எல்லாரும் சௌக்கியம்' என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதினால் பொய் சொன்ன பாவம் சேரும் என்று விட்டுவிட்டேன். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்பது தடவை கூப்பிட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்து, "ஷூட்டிங்ல இருக்கேம்மா, அப்பறமா பேசறேன்" என்றாய். உன் அப்பறம் இன்னும் வரவில்லை. சரி, நீ எடுத்தாலும்தான் நான் என்ன பேசிவிட முடியும்? நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் தறியில் உட்கார்ந்திருக்கிற அப்பா காதில் விழும். அவர் காதில் விழக்கூடாத சங்கதி இது. அதனால் கோதுமையைக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, காக்காய் ஓட்டுகிற சாக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிவியில் தாம்பாளம் குழம்புப் பொடி என்று ஒரு விளம்பரம் வருகிறது. சென்னையில் விளம்பரப் படத்துக்குச் சாமான் ஏற்பாடு செய்கிற வேலையில் இருக்கிறவன் நீ, பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் சொல்கிறேன், கேள். ஒரு வீட்டில் திவசம். சுவரில் ஒரு ஆளின் படம், அதற்குச் சந்தன மாலை, கீழே வாழையிலையில் படையல். பொட்டில்லாத ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். மகனும் மருமகளும் மாடிக்குப் போய் கா கா என்று கத்துகிறார்கள். ஒரு காக்காயும் வரவில்லை. மருமகள் கீழே ஓடிவந்து தாம்பாளம் பொடியைப் போட்டுக் குழம்பு வைக்கிறாள். உடனே ஊரில் இருக்கிற காக்காயெல்லாம் வந்து இறங்குகிறது. அதோடு விட்டார்களா? சுவரில் இருக்கிற படம் கண்ணைச் சிமிட்டி, நாக்கை நீட்டி, உதட்டைச் சப்புக்கொட்டுகிறது. அழுதுகொண்டிருந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். 'போனவரும் வருவார், ருசி பார்க்க வருவார்' என்று ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

செத்தவரை வைத்துக் குழம்புப் பொடி விற்கிற புத்தி எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ. அதுகூடப் போகட்டும். அந்தப் படத்தில் இருப்பது உன் அப்பா.

நானும் முதலில் நம்பவில்லை. உன் அக்கா லாவண்யாதான் கலசப்பாக்கத்திலிருந்து போன் செய்து, எடுத்த எடுப்பில், "அப்பா எங்கம்மா? அப்பாகிட்ட போனை குடு" என்று பதறினாள். டிவியில் பார்த்துவிட்டு அவளுக்குக் கை கால் ஓடவில்லை. நான் டிவியைப் போட்டுப் பார்த்தபோது அவரை மாதிரி யாரோ ஒருவர் என்றுதான் நினைத்தேன். மறுபடி வந்தபோது பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். படத்தின் இடது ஓரத்தில் விரற்கடை அகலத்துக்குச் சேலைக் கரை தெரிகிறது. மயில்கழுத்துப் பச்சை, அதில் இரட்டைக் கிளி. வைகாசியில் அறுபதாம் கல்யாணத்துக்கு எனக்காக அப்பாவே நெய்த சேலை அது. அந்தக் கிளியை அவர் வேறு எந்தச் சேலைக்கும் போடவில்லை. அது என் தோள், கண்ணா. என்னை வெட்டிப் போட்டுவிட்டு அவரை மட்டும் எடுத்திருக்கிறார்கள். வெட்டின இடத்தில் நான் கொஞ்சம் மிச்சமிருக்கிறேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது மூன்றாம் தடவையாக வந்தது. முழுவதையும் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நம் வீட்டு டிவியை நான் அணைத்துவிடுகிறேன். தெருவில் இருக்கிற நாற்பது டிவியை என்ன செய்வது? சாயந்திரம் சீரியல் தொடங்கினால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்தக் கா கா வருகிறது. போன வாரம் தேசூரிலிருந்து ராஜம்மாள் அத்தை, தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபடி வந்துவிட்டாள். அப்பாதான் வெளியே போய், "நான் இருக்கேன் அத்தை, உள்ள வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். செத்ததாகப் பேச்சு கிளம்பினால் ஆயுசு கெட்டி என்று அத்தை சமாளித்தாள். அப்பாவும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அப்பா தன் அப்பாவுக்குப் படைத்துவிட்டு மாடியில் சோறு வைத்துக் காக்காயைக் கூப்பிட்டார். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைப் பாடி, உதட்டைச் சப்புக்கொட்டிச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இருந்திராது, சின்னப் பெண்கள். அப்பா கீழே வந்து இலைமுன் உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார். "எனக்குத்தான் டிவில தெனம் படைக்கறாங்களே" என்று சொல்லி இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அன்றிலிருந்து காலையில் அரை டம்ளர் காப்பி, சாயந்திரம் ஒரு பிஸ்கட். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிற உடம்பு அது. சாப்பிடாதவருக்கு ஊசி போடவும் பயமாக இருக்கிறது, போடாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த ஸ்டுடியோக்காரன்தான் படத்தை விற்றிருப்பான் என்று எனக்குச் சந்தேகம். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே அந்தப் பொடிக் கம்பெனிக்கு விளம்பரம் எடுத்தவர்கள் யார் என்று விசாரித்து, அதை உடனே நிறுத்தச் சொல். உனக்கு அங்கே பத்துப் பேரைத் தெரியுமே. ஜல்தியாகச் செய், கண்ணா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உனக்கு எழுதப்போகிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். "இத பத்தி ஒண்ணும் எழுதாத, அவன் வேலைல இருப்பான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேளைக்குச் சாப்பிடறானான்னு கேளு" என்றார். தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. திலகவதி


ஆரணி
4.10.2025

சிரஞ்சீவி கமலக்கண்ணனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். 'விசாரிக்கிறேன்மா, டென்ஷன் ஆகாதீங்க' என்று நீ அனுப்பின மெசேஜ் கிடைத்தது. டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்று அடுத்த மெசேஜில் எழுது.

ஸ்டுடியோவுக்குப் போய் அந்த மனிதனை நான் கேட்காத கேள்வி இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆல்பத்தை எடுத்து என் முன்னால் போட்டான். "அக்கா, நான் எடுத்த எல்லாத்துலயும் அண்ணன் கழுத்துல கல்யாண மாலை இருக்குது. டிவில வர்றதுல மாலையே இல்ல, வெறும் அங்கவஸ்திரம். இது நான் எடுத்தது இல்ல" என்றான். புரட்டிப் பார்த்தேன், அவன் சொன்னது நிஜம். மாலை மாற்றுவதற்கு முன்னால் நீ செல்போனில் ஒன்று எடுத்தாயே, அதுவாக இருக்குமோ? அதை யாருக்காவது அனுப்பினாயா? போன் ஏதும் தொலைந்ததா? யோசித்துப் பார். ஸ்டுடியோக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கேபிள்காரர் சுதாகரிடமும் போனேன். "விளம்பரம் மேல சேட்டிலைட்ல இருந்து வந்துகினு இருக்குது அக்கா, என் கைல இல்ல. சேனலையே புடுங்கினா சீரியல் போயிடும், ஊரே என்னை அடிக்கும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பிறகு இ-சேவை மையம் வைத்திருக்கிற சுபத்ரா ஒரு வழி சொன்னாள். பார்க்கிறவர்கள் ஆட்சேபம் எழுதினால் கம்பெனி பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமாம். அவளே தமிழில் எழுதி, இங்கிலீஷிலும் அடித்தாள். 'திவசச் சோற்றைக் கேலிப்பொருளாக்கியதையும், உயிரோடிருக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவரை இறந்தவராகக் காட்டியதையும் கண்டிக்கிறோம்' என்று தொடக்கம். நான் வீடு வீடாகப் போனேன். நாற்பத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். தமாஷ் விளம்பரம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பேஜார் என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் கேட்கவே இல்லை. பங்குனியில்தான் அவள் வீட்டுக்காரர் தவறினார். பேத்தி அவர் படத்துக்கு முன்னால் நின்று, "நம்ம தாத்தா ஏன் நாக்கு நீட்ட மாட்டேங்கறாரு? பொடி வாங்கிப் போடலாமா?" என்று கேட்டதாம். பொன்னம்மாள் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஊரே போட்ட காகிதத்தில் அப்பா போடமாட்டேன் என்றுவிட்டார். அவருடைய கையெழுத்துத்தான் முதலில் வேண்டும் என்று சுபத்ராவே வீட்டுக்கு வந்து கெஞ்சினாள். "செத்தவன் எப்டிம்மா கையெழுத்து போடறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு வாயில் வந்ததெல்லாம் பேசிவிட்டேன். அவர் பாட்டுக்கு ஊடை நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தறிக்கும் கேடு வந்துவிட்டது. ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் புடவை ஒன்று ஏறியிருந்தது, பாதிக்கு மேல் நெய்தாயிற்று. கடை முதலாளி நேரில் வந்து, சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க டிவில உங்களை பாத்துட்டாங்க. கொஞ்ச நாளைக்கு சாதாப் புடவையா நெய்ங்க" என்றார். மாலை போட்ட ஆள் நெய்த முகூர்த்தப் புடவையை எந்தப் பெண் கட்டுவாள்? அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மறுநாள் ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்துக் குங்குமம் வைக்கக் கூப்பிட்டேன். நீயே வை என்றுவிட்டார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் வைத்தேன்.

அன்று மத்தியானம் கை அலம்பப் போனவர் தொட்டியடியில் சரிந்துவிட்டார். வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றி, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார். "ஊசி போட்டுட்டு சாப்பாடு குடுக்காம இன்னா பண்றீங்க வீட்ல?" என்று கேட்டார். டிவியில் வருகிற குழம்புப் பொடியால் என்று அவரிடம் சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர் இறங்குகிறது, அதுவும் நான் அழுதால்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழ முடியும்?

படவேடு ரேணுகாம்பாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். அம்மன் ஒரு பக்கம் இருக்கட்டும். நீ அங்கேயே இருக்கிறவன், ஒரு நடை நேரில் போய்க் கேட்க உனக்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்சேபம் எழுதிய நாற்பத்துமூன்று பேரும் உன் மகன் என்ன செய்தான் என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

அப்பா தூங்குகிறார். இந்தத் தடவை ஆசீர்வாதம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. வழக்கப்படி நானாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. திலகவதி


ஆரணி
12.10.2025

சிரஞ்சீவி கமலக்கண்ணனுக்கு,

மேலே அந்தச் 'சிரஞ்சீவி'யைப் போடக் கை வரவில்லை. போடாமல் விடவும் மனசு வரவில்லை. போட்டுவிட்டேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. சுபத்ரா அதை நாலாக மடித்து, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே என்னைக் கூப்பிட்டுக் கையில் திணித்தாள். அவள் முகமே சரியாக இல்லை. இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னேன். தெருவில் நின்றபடியே மெதுவாகச் சொன்னாள். உங்கள் மனவருத்தத்தை மதிக்கிறோம், யாரையும் புண்படுத்துவது நோக்கமில்லை, நகைச்சுவைக்காக எடுத்தது. விளம்பரத்தில் இருக்கும் படம் மறைந்த திரு. சிவப்பிரகாசம் அவர்களுடையது. அவருடைய சட்டப்படியான வாரிசு எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார், நகல் இணைத்திருக்கிறோம். அந்த வாரிசே எழுதி அனுமதியைத் திரும்பப் பெற்றால் விளம்பரத்தை நிறுத்திவிடுவோம். நீங்கள் சொல்கிறபடி அவர் உயிரோடு இருந்தால் ஆதாருடன் அவரே வரட்டும், பொய்யாக எழுதித் தந்தவர்மீது போலீசில் புகார் கொடுப்போம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்று அவள் போய்விட்டாள்.

இரண்டாவது தாளை நான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்த் தனியாகப் பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் ரஃப் நோட்டு முழுக்கப் போட்டுப் பழகினாயே, கடைசி எழுத்துக்கு நீளமாக வால் இழுத்து. கலெக்டர் ஆகும்போது உதவும் என்று அப்பா உன்னைக் கேலி செய்வார். அந்த வால் அப்படியே இருக்கிறது.

இங்கிலீஷில் மற்றது எதுவும் எனக்குப் படிக்க வராவிட்டாலும் தேதி படிக்கத் தெரியும். இறந்த தேதி எது என்று லாவண்யாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டத்தில் நீ போட்டிருப்பது எங்கள் அறுபதாம் கல்யாண நாள். உனக்கு வேறு தேதியே கிடைக்கவில்லையா, கண்ணா?

லாவண்யா உனக்குப் போன் செய்து, நீ அழுததையும் சொன்னதையும் அப்படியே என்னிடம் சொன்னாள். விளம்பரத்துக்கு நீ ஏற்பாடு செய்த போட்டோவில் இருந்தவர் எல்லாருக்கும் தெரிந்த சீரியல் நடிகர் என்று தெரிய வந்து, டைரக்டர் எல்லார் முன்னாலும் உன்னைக் கத்தினாராம். ஒரு மணி நேரத்தில் வேறு முகம் வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்றாராம். எங்களுக்குத் தீபாவளிக்குக் கொடுப்பதற்காக நீ பெரிதாகப் போட்டு பிரேம் செய்து வைத்திருந்த படம் பையில் இருந்ததாம். அதில் அப்பா இருக்கிற பாதியை மட்டும் கத்தரித்து மாட்டினாயாம். மூலையில் மங்கலாகத்தான் தெரியும், அரை மணியில் கழற்றிவிடலாம் என்று நினைத்தாயாம். உயிரோடிருப்பவர் என்றால் அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும், இறந்தவர் என்றால் வாரிசு போட்டால் போதும் என்று யாரோ தாளை நீட்டினார்களாம். அந்தக் கண் சிமிட்டலும் நாக்கும் பின்னால் கம்ப்யூட்டரில் செய்தது, உனக்கே தெரியாதாம்.

நம்புகிறேன். நீ கெட்டவன் இல்லை. அவசரத்தில் புத்தி கெட்டவன். ஆனால் மாலையைக் கையில் எடுத்தபோது ஒரு நொடி உன் கை கூசியிருக்க வேண்டாமா? உயிரோடு இருக்கிறவர் படத்தைத் தெற்குச் சுவரில்கூட மாட்டக்கூடாது என்று ஆணியைப் பிடுங்குகிற வீட்டில் வளர்ந்தவன் நீ.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து படி. அந்தத் தாளைப் புடவை அடுக்கில் ஒளித்து வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அப்பா படுத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "கடுதாசி வந்துடுச்சா" என்றார். எந்தக் கடுதாசி என்றேன். "யாரு கையெழுத்துன்னு எனக்கு மொத நாளே தெரியும் திலகா" என்றார். "மாலை போடறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுக்கறேன், இங்க பாருப்பான்னு சொன்னதே அவன்தான். அவனைப் பாத்துதான் சிரிச்சிகினு இருக்கேன் அதுல."

மூன்று வாரமாக நான் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் எல்லாம் தெரிந்து படுத்திருக்கிறார். ஆட்சேபத்தில் கையெழுத்துப் போடாதது வீம்பு என்று நினைத்து நான் பேசாத பேச்சில்லை. "நான் இருக்கேன்னு ஆதாரைத் தூக்கிகினு போனா அவன் கைக்கு வெலங்கு வரும். நான் இல்லன்னே இருந்துட்டு போறேன், இன்னா இப்போ" என்றார்.

அதற்குச் சோற்றை ஏன் தள்ள வேண்டும், பட்டினி கிடந்து சாவதா மகனைக் காப்பாற்றுகிற வழி என்று கத்தினேன். அப்புறம் சொன்னார்: "வேணும்னு பண்லடி. வாயில வெக்கறேன், அந்த எலை ஞாபகம் வந்துடுது. பெத்த புள்ள கையால படைச்சிட்டானேன்னு தோணுது. தொண்டைல எறங்க மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்க விடவில்லை.

நேற்று மறுபடி மயக்கம் வந்தது. இன்னொரு தடவை இப்படிக் கொண்டுவந்தால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறேன். தீபாவளி நெருங்க நெருங்க விளம்பரம் அடிக்கடி வருகிறது. தெருவில் முக்கால்வாசிப் பேர் எனக்காக அந்தப் பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படித் திடீரென்று தெருவே அமைதியானால், இப்போது நாக்கை நீட்டுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுகிறது.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று உன் கையால் எழுதிக் கொடு. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதையும் அதிலேயே எழுது. வேலை போனால் போகட்டும். கேஸ் போட்டால் நான் வந்து அவர்கள் காலில் விழுகிறேன், நாற்பத்துமூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்து விழுகிறேன். அப்பா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் அவரைக் கேட்காமல் எழுதுகிறேன்.

அதைவிட முக்கியம், நீ புறப்பட்டு வா. விளம்பரம் நின்றாலும் அவர் தொண்டை திறக்காது. அது உன் கையால் அடைத்தது, உன் கையால்தான் திறக்க வேண்டும். உன்னைத் திட்டமாட்டேன் என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. திட்டத்தான் செய்வேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உள்ளே வா. உன் கையால் ரசம் சோறு பிசைந்து அவருக்கு ஒரு வாய் கொடு. அதே தட்டில் நீயும் ஒரு வாய் சாப்பிடு. செத்தவர்களுக்கு வைத்த இலையில் யாரும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அது அவருக்குப் புரியும்.

கத்தரித்த அந்தப் படத்தில் என் பாதி எங்கே கிடக்கிறது? குப்பையில் போட்டிருக்காவிட்டால் எடுத்துக்கொண்டு வா. அப்பா பாதியைச் சுவரிலிருந்து இறக்கி மாலையைக் கழற்றிவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு வா. ஒட்டிக்கொள்ளலாம்.

இருபதாம் தேதி திங்கட்கிழமை தீபாவளி. வருஷா வருஷம் உன் தலையில் எண்ணெய் வைப்பது அவர்தான். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினதும் நல்லெண்ணெய் வாங்கியாயிற்றா என்று என்னைக் கேட்டார். நான் வாங்கி வைத்துவிட்டேன். தீபாவளி வரைக்கும் காத்திருக்காதே. அவரால் அதுவரைக்கும் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடி.

என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, நீ என்ன செய்தாலும். அப்பாவிடமும் கேட்டேன். "செத்தவன் ஆசீர்வாதம் கடுதாசில வராது" என்று சொல்லிவிட்டார். அதனால் அவருடையதை இங்கே எழுதவில்லை. நேரில் வந்து, காலில் விழுந்து வாங்கிக்கொள். கால் சூடாகத்தான் இருக்கிறது, கண்ணா. இப்போதுதான் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
திருமதி திலகவதி சிவப்பிரகாசம்